சுங்கை சிப்புட் கிழக்கு மலை: சாம்பல் நிற மரங்கள் எவை, மேகத்துக்குள் இருக்கும் காடு எது?

கரும்பலகை:
வணக்கம். பள்ளி இயற்கைக் கழகத்துக்குப் பெரிய படம் ஒன்று தயாராகிறது. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊரிலிருந்து கிழக்கிலும் தென்கிழக்கிலும் தெரியும் மலைத்தொடரை ஒரே படமாக எடுத்து, எந்த உயரத்தில் என்ன காடு என்று கோடு போட்டு எழுதவேண்டும். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்: செம்பனைக்குப் பின்னால் தாழ்ந்த குன்றுகள், அதற்கு மேல் முகடுகளில் சாம்பல் பூத்த மாதிரி மரங்கள், அதற்கு மேல் கரும்பச்சை, உச்சியில் எந்நேரமும் மேகம். மேலே போகச் சாலை கிடையாது, பிள்ளைகளைக் கூட்டிப்போவதும் நடக்காது. 300, 750, 1200, 1500 மீட்டர் என்று நான்கு கோடு கிழித்தால் போதுமா?

ஊலு பிளஸ்:
நான்கு எண்ணும் சரிதான் டீச்சர். தீபகற்ப மலேசியக் காட்டை வகை பிரிக்க வனத்துறை வெகுகாலமாக வைத்திருக்கும் எண்கள் அவை. 300 வரை தாழ்நிலக் காடு, 750 வரை குன்றுக் காடு, 1200 வரை மேல்குன்றுக் காடு. இந்த மூன்றிலும் மேராந்தி, கெருயிங் குடும்பத்து மரங்களுக்குத்தான் ஆட்சி. 1200க்கு மேல் அந்தக் குடும்பம் விடைபெற்றுக்கொள்ளும். ஓக் வகையும், லவங்கப்பட்டைக் குடும்பத்து மெடாங் வகையும் வந்துவிடும். 1500க்கு மேல் பாசி படர்ந்த குட்டைக் காடு.

ஆனால் அடிக்குச்சி வைத்து நேர்கோடு கிழித்தால் படம் பொய் சொல்லும்.

சாம்பல் பூத்தவை செராயா மரங்கள். சந்தையில் அடர்சிவப்பு மேராந்தி என்று விலைபோகும் மரம் இது. இலையின் அடிப்புறம் சாம்பல் ஓடியிருக்கும், உச்சிக்கிளை காட்டுக்கு மேல் தலைதூக்கி நிற்கும், அதனால் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே நிறம் தனியாகத் தெரிகிறது. மரம் 60 மீட்டர் வரை போகும். உள்நாட்டு மலைகளில் 300ஐத் தாண்டியதும் முகட்டின் நெற்றியில் கூட்டமாக நிற்பது இதன் குணம். பக்கத்துப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால் ஆள் இருக்காது. ஆகவே ஊரிலிருந்து பார்க்கும்போது சாம்பல் நிறம் பட்டையாகத் தெரியாது. முகடு இறங்கும் இடமெல்லாம் விரல் விரலாக இறங்கியிருக்கும். முகட்டில் மண் சீக்கிரம் வடிந்து காய்ந்துபோகும், அந்த வறட்சியைத் தாங்குவதில் செராயா கெட்டி.

கோட்டுக்கு ஒரு விதி சொல்கிறேன். காற்றடிக்கும் முகட்டில் உயரக் காடு கீழே இறங்கும். ஒதுக்கமான பள்ளத்தில் தாழ்நிலக் காடு மேலே ஏறும். அதனால் எந்தக் கோடானாலும் முகட்டில் சரிந்து, பள்ளத்தில் எழும்பி, அலையலையாகத்தான் போகவேண்டும்.

சரிவுக்கோடு:
ஐயா சொன்னது செடியின் கணக்கு. அதற்கும் முன்னால் கண்ணே ஏமாற்றும் ஒரு கணக்கு இருக்கிறது.

ஊர் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 10 கிலோமீட்டர் தள்ளி 600 மீட்டர் முகடு ஒன்று இருந்தால், அது கண்ணுக்கு 3 டிகிரி உயரத்தில் தெரியும். கோர்பு மலை 2,183 மீட்டர், நாம் பார்க்கும் தித்திவாங்சா தொடரில் அதுதான் உயரம், தீபகற்பத்தில் தாஹான் மலைக்கு (2,187) அடுத்தது. ஆனால் ஊரிலிருந்து வானவழி சுமார் 30 கிலோமீட்டர். பூமியின் வளைவே 60 மீட்டர் அளவுக்கு விழுங்கிவிடும். கூட்டிக் கழித்தால் கோர்பு உச்சி 4 டிகிரியில்தான் நிற்கும். அதாவது பக்கத்தில் இருக்கும் 600 மீட்டர் குன்று, படத்தில் கோர்புவின் முக்கால் உயரத்துக்கு வந்துவிடுகிறது. படத்தின் குறுக்கே 1500 என்று ஒரே கோடு போட்டால், முன்னால் இருக்கும் செராயா முகடும் பாசிக் காட்டுக்குள் சேர்ந்துவிடும்.

செய்யவேண்டியது இது. 1:50,000 நில அளவை வரைபடம் ஒன்று எடுங்கள், அதில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று இருக்கும். படம் எடுத்த இடத்தைக் குறித்து, தெரியும் ஒவ்வொரு முகட்டுக்கும் அங்கிருந்து கோடு இழுங்கள். எந்த முகடு எந்த மலை என்று பெயர் கண்டுபிடித்த பிறகு முகட்டுக்கு முகடு தனியாக உயரம் குறியுங்கள். கூகள் எர்த்தில் அதே இடத்தில் தரைமட்டத்தில் நின்று கிழக்கே திரும்பினாலும் அதே காட்சி வரும், ஒத்துப்பார்க்க வசதி. முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை என்று மூன்று வரிசைக்கும் மூன்று தனிக் கோட்டுத் தொகுதி போடுவதுதான் ஒழுங்கு.

படம் எடுக்கும் நேரமும் தொல்லைதான். காலை 7 மணிக்கு மலை தெளிவாக இருக்கும், ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால். வெறும் கரிய விளிம்பு மட்டும் விழும், சாம்பல் நிறம் வராது. பிற்பகலில் மேற்கு வெயில் நேராக விழும், ஆனால் மதியத்துக்குள் மேகம் மூடிவிடும். கிடைக்கும் இடைவெளி இரண்டு: காலை 9லிருந்து 10.30 வரை, இல்லையென்றால் பிற்பகல் மழை கொட்டி ஓய்ந்து 6 மணிக்கு மேல் வெளுக்கும் நேரம். இரண்டாவதுதான் அருமையான வெளிச்சம், மழை தூசியையும் கழுவியிருக்கும். ஜெரெபு (புகைமூட்டம்) மாதங்களில் கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

லாலான்:
ஒரு சந்தேகம். சிம்பாங் பூலாய்–கம்போங் ராஜா சாலைக்கும் கெரிக்–ஜெலி நெடுஞ்சாலைக்கும் நடுவில் தொடரைக் குறுக்கே கடக்கும் பொதுச்சாலை ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் நாம் பார்ப்பது முழுக்க யாரும் கை வைக்காத காடுதானே? படத்தில் 'கன்னிக்காடு' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

ஊலு பிளஸ்:
முடியாது தம்பி. சாலை இல்லை என்பது இன்றைய நிலைமை.

நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குன்றின் இடுப்பில், மேலும் ஏறாமல் கீழும் இறங்காமல், வெளிர்பச்சையாக ஒரு கோடு வளைந்து போகும். அது பழைய பாலாக் ரோடு, அதாவது வெட்டுமரம் ஏற்றிய லாரிப் பாதை. லாரி நின்றுபோன பிறகு அந்த வெட்டுமண்ணில் முதலில் வருவது மாஹாங் மரம். மூன்று மடலாக விரிந்த அகல இலை, வெளிறிய உருண்டைத் தலை. வெயில் வேண்டும், நிழலில் முளைக்காது. மாஹாங்கை வரிசையாகப் பார்த்தால் சாலை, திட்டாகப் பார்த்தால் மரம் இழுத்துக் குவித்த களம்.

இறகு மாதிரி தொங்கும் மஞ்சள் கலந்த பச்சைத் திட்டுகள் மூங்கில், பெரும்பாலும் பூலோ செமந்தான். இந்த வட்டாரத்தில் மூங்கில் அடர்ந்திருந்தால் மூன்றில் ஒரு காரணம்: பழைய மரவெட்டு, பழைய மண்சரிவு, அல்லது தெமியார் பழங்குடி மக்கள் மலைநெல்லும் மரவள்ளியும் போட்டுவிட்டு ஆறவிட்ட பழைய லாடாங், அதாவது மலைக்கொல்லை. பிளஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழும் இடம். லாசா ஊரைத் தாண்டி மேலே போகும் மண்பாதைகளில் அவர்களுடைய கம்பங்கள் (சிற்றூர்கள்) இருக்கின்றன. 'கன்னிக்காடு' என்று எழுதினால் அவர்களைப் படத்திலிருந்து அழித்த மாதிரி ஆகும். அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வெள்ளைக் கீறல் மாதிரி செங்குத்தாகத் தெரிவது புதுச் சரிவு. அடியில் இருப்பது கருங்கல், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழசு. மேற்பரப்பு பல மீட்டர் ஆழத்துக்கு மக்கி மணலும் களியுமாக மாறியிருக்கிறது. விடாமழையில் அந்தத் தோல் மட்டும் உரியும். உரிந்த இடத்தில் ரெசாம் பெரணி முதலில் பிடிக்கும், கூடவே செண்டுடோக், காட்டுவாழை. ரெசாம் பின்னிக்கொண்டால் ஆள் உயரத்துக்கும் மேலே போகும், அடியில் வெளிச்சமே விழாது. மரவிதை விழுந்தாலும் மண்ணைத் தொடாது. அதனால்தான் சில கீறல்கள் பல வருஷம் ஆகியும் பச்சைப் புல்வெளி மாதிரியே நிற்கின்றன.

லாலான்:
சரிங்க ஐயா, வாபஸ். ஆனால் வெட்டின இடத்தில் செராயா திரும்ப வராதா? விதை விழாதா?

ஊலு பிளஸ்:
விழும். எப்போது என்பதில்தான் சிக்கல். செராயா வருஷா வருஷம் காய்க்காது. சில ஆண்டு சும்மா இருந்துவிட்டு, வறட்சி அடித்துப்போன ஒரு வருஷத்தில் காடு முழுக்கச் சேர்ந்து பூக்கும். இறக்கை வைத்த விதை விழுந்த சில நாளிலேயே முளைத்துவிடும். மண்ணில் தூங்கிக் காத்திருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. அந்தச் சமயத்தில் தாய்மரம் வெட்டப்பட்டிருந்தால் அடுத்த தலைமுறை இல்லை.

இன்னொரு வில்லன் பெர்த்தாம். செராயா முகட்டில் காலடியில் புதர்புதராக இருக்கும் தண்டில்லாத பனை. மட்டை 5, 6 மீட்டர் நீளும், காம்பு முழுக்கத் தட்டையான கருமுள். தூரிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பரவும், காய்ந்த மட்டை குவிந்து தரையை மூடும், நிழலும் போடும். மேலே மரம் போய் வெயில் விழுந்தால் பெர்த்தாம் இன்னும் கொழுக்கும். செராயாக் கன்று அந்தக் குவியலுக்குள் முளைத்தாலும் தலைதூக்குவது அபூர்வம்.

கரும்பலகை:
இது மிகவும் உதவி. 1200க்கு மேல் என்ன எழுதலாம்? பிள்ளைகள் பார்க்க முடியாத பகுதி என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

முகட்டுப்பாதை:
1200க்கு மேல் முதல் அடையாளம் மேலே பார்த்தால் கிடைக்காது டீச்சர், தரையில் கிடைக்கும். தொப்பி போட்ட ஓக் காய் உதிர்ந்து கிடந்தால் ஓக் காட்டுக்குள் வந்தாயிற்று. பெராங்கான் மரமும் இங்கே உண்டு, அதன் காய் முழுக்க முள், வெறும் கையால் எடுக்கக்கூடாது. கீழே பலகை பலகையாக இருந்த அடிவேர்கள் இங்கே காணாமல் போகும், தடித்த கொடிகளும் குறையும். மர உயரம் 20, 30 மீட்டருக்கு இறங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கீழ்க்காடு பூக்கோசு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும்; இந்தக் காட்டின் மேற்பரப்பு சமமாக வெட்டிவிட்டது போல் ஓடும். நீங்கள் சொன்ன கரும்பச்சை இதுவும், இதற்குக் கீழே மேராந்தி புக்கிட் நிற்கும் மேல்குன்றுக் காடும் சேர்ந்தது.

1500க்கு மேல் எல்லாமே சுருங்கும். மரம் 10 மீட்டர், முகட்டு விளிம்பில் ஆள் உயரம். இலை சிறுத்து, தடித்து, தோல் மாதிரி ஆகும். ரோடோடென்ட்ரான், வாக்சினியம், ஊசியிலைக் குடும்பத்துச் செம்பிலோர் எல்லாம் இங்கேதான். வெயில் படும் விளிம்பில் மத்தோனியா பெரணியும் டிப்தெரிஸ் பெரணியும் நிற்கும். மத்தோனியா இலை விசிறியாக விரியும். டிப்தெரிஸ் இலை நடுவே இரண்டாகப் பிளந்திருக்கும். பெயர்ப்பலகைக்குப் படம் போட ஏற்றவை இவை இரண்டும்தான், வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

காரணத்தையும் எழுதுங்கள். ஈப்போவின் சராசரி வெப்பம் 27 டிகிரியை ஒட்டி இருக்கும். தானா ராத்தா 1,400 மீட்டருக்குச் சற்று மேலே, அங்கே 18 டிகிரி. அதாவது 100 மீட்டருக்கு 0.6 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் கோர்பு உச்சியில் சராசரி 13, 14. அந்தக் குளிரில் உதிர்ந்த இலை மக்குவதில்லை. மேகம் நாள்தோறும் நனைத்துக்கொண்டே இருக்கும், கருங்கல்லில் சத்து குறைவு, புளிப்பு அதிகம். மக்காத வேரும் இலையும் ஊறிக் கறுத்த மண்ணாகச் சேர்ந்துவிடும். ஓடைத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வருவது அதனால்தான்.

பாசிக் காட்டில் நாம் தரை என்று நினைத்து மிதிப்பது பல இடங்களில் தரையே இல்லை. வேர்கள் பின்னிக்கொண்டு, மேலே பாசி மூடி, அடியில் முழங்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பாழம் வெற்றிடம். பச்சைமெத்தை மேல் நேராக வைத்த கால் உள்ளே போகும், முன்னால் சாயும் உடம்பின் எடையில் முழங்கால் திருகும். வேர்மேல் குறுக்காக, பாதத்தின் நடுப்பகுதி படும்படி வைக்கவேண்டும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். சமதரைக் கணக்கில் நேரம் போட்டு வருகிறவர்கள் இருட்டில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பூந்தொட்டி:
முகட்டுப்பாதை அண்ணே, பெரியோக் கெரா, அதாவது குடுவைச்செடி, அங்கே நிறைய இருக்கும் என்கிறார்கள். பள்ளித் தோட்டத்தில் ஒரு செடி வைத்தால் பிள்ளைகளுக்கு நேரில் காட்டலாம். ஒரு சின்னக் கன்று எடுத்து வந்தால் பிழைக்குமா?

முகட்டுப்பாதை:
வேண்டாம் அக்கா, இரண்டு காரணம். முதலாவது, நிரந்தர வனக் காப்பகத்திலிருந்து உரிமம் இல்லாமல் ஒரு இலையை எடுத்தாலும் 1984 தேசிய வனச் சட்டத்தின்படி குற்றம். இரண்டாவது, எடுத்தாலும் செத்துப்போகும். அங்கே இருக்கும் குடுவைச்செடியான நெபெந்தஸ் மக்ஃபார்லானி 1000 மீட்டருக்கு மேல் மலைக்குளிரில் வாழ்வது. பகல் சூட்டைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஆனால் இரவில் குளிர்ச்சி வேண்டும். நம் ஊரில் இரவிலும் 23, 24 டிகிரி. முதலில் புதுக் குடுவை விடாது, அடுத்து இலை சிறுக்கும், கடைசியில் குருத்து கருகும்.

நர்சரியில் வளர்த்து விற்கும் தாழ்நில வகை வாங்குங்கள்: அம்புலாரியா, கிராசிலிஸ், மிராபிலிஸ். வெட்டவெளி வெயிலில் வைக்காமல் பாதி நிழலில் வையுங்கள். தேங்காய்நாரும் பெர்லைட்டும் சரிபாதி, நாரை உப்புப் போக இரண்டு மூன்று முறை கழுவிய பிறகு. உரம் போடக்கூடாது, தோட்டமண் ஆகவே ஆகாது. மழைநீர் ஊற்றினால் நல்லது. அம்புலாரியாவைத்தான் நான் சிபாரிசு செய்வேன். தரையோடு கொத்தாக உருண்டைக் குடுவை விடும், பூச்சியோடு, மேலேயிருந்து உதிரும் இலைச்சருகிலிருந்தும் சத்து எடுத்துப் பிழைக்கும். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல சேதி.

லாலான்:
ஒரு இடறல். லெடாங் மலை 1,276 மீட்டர்தான், கெடாவில் ஜெராய் 1,217. இரண்டிலும் உச்சிக்கு அருகே குட்டை மரமும் பாசியும் இருக்கின்றன. 1500 கணக்கு அங்கே எப்படிப் பொருந்தும்?

ஊலு பிளஸ்:
பொருந்தாது, அது தப்பும் இல்லை. கடலோரமாகத் தனியாக நிற்கும் சின்ன மலையில் மேகம் தாழ்வாகக் கட்டும், காற்று எல்லாப் பக்கமும் அறையும், அதனால் காட்டு வகைகள் எல்லாம் கீழே இறங்கி நெருக்கியடித்துக்கொள்ளும். தித்திவாங்சா மாதிரி அகலமான பெருந்தொடரில் மலைத்திரளே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அதே காடு உயரத்தில் தொடங்கும். டீச்சர் படத்துக்கு 1500 சரி. அதே எண்ணை லெடாங் படத்தில் ஒட்டினால் பாசிக் காட்டுக்கு அங்கே இடமே இருக்காது.

இன்னொன்று. ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குன்று எதாவது படத்தின் ஓரத்தில் விழுந்தால் அதற்கு இந்த எண்கள் எதுவும் ஆகாது. கல் வேறு, மண் வேறு, செடியும் வேறு.

கரும்பலகை:
பிள்ளைகள் கொஞ்சமாவது நேரில் பார்க்க வழி உண்டா? பேருந்து போகிற இடமாக.

சரிவுக்கோடு:
உண்டு, இரண்டு இடம். முதலில் கிளேடாங், 808 மீட்டர், உச்சிவரை தார்ச்சாலை, ஆனால் வாகனத்தை மேலே விடுவார்களா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குன்றுக் காடு முழுவதும் அங்கே கிடைக்கும், ஆனால் ஓக் காடு வராது. அடுத்தது சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா ஏறும் சாலை. கருங்கல் அதே, தொடரும் அதே. சன்னல் வழியாகவே வகை மாறுவது தெரியும். பிரிஞ்சாங் மலைச்சாலை 2000 மீட்டரை எட்டும், பாசிக் காட்டுக்குப் பலகைப்பாதை இருக்கிறது. அது திறந்திருக்கிறதா என்று போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பலகையை விட்டு ஒரு பிள்ளையும் இறங்கக்கூடாது. ஒரு காலடி அமுக்கிய பாசிமண் திரும்ப எழும்ப வெகுகாலம் பிடிக்கும்.

பேருந்தில் உயரமானி வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிள்ளைகளை உயரம் குறிக்கச் சொல்லலாம். காற்றழுத்தத்தில் இயங்கும் உயரமானி என்றால் ஒரு நுணுக்கம்: நம் பூமத்தியரேகை வட்டாரத்தில் அழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் அடி, வித்தியாசம் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 8லிருந்து 10 மீட்டர். நகராமல் அதே மேசையில் வைத்தாலும் மாலையில் 25, 30 மீட்டர் கூடுதலாகக் காட்டும். உயரம் எழுதிய பலகையைப் பார்க்கும் இடத்திலெல்லாம் திருத்தி வைக்கவேண்டும்.

முகட்டுப்பாதை:
பெரியவர்கள் யாராவது கழகத்துக்காக உள்ளே போய்ப் படம் எடுக்க நினைத்தால்: வனத்துறை அனுமதியும் மாலிம் என்னும் மலை வழிகாட்டியும் இல்லாமல் வேண்டாம். உள்ளே தொல்லை தருவதை மட்டும் சொல்கிறேன்.

ரோத்தான் (பிரம்பு) கொக்கி சட்டையில் மாட்டினால் முன்னால் இழுக்காதீர்கள், முள் பின்னோக்கி வளைந்தது. ஓரடி பின்வாங்கினால் தானாகக் கழன்றுவிடும். மூங்கில் குருத்துப் பாளையில் பழுப்புச் சுணை இருக்கும், கழுத்தில் விழுந்தால் ராத்திரி தூக்கம் போச்சு. பட்டையில் கருப்பாக வழிந்த கறை தெரியும் மரம் ரெங்காஸாக இருக்கலாம், அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்கவேண்டாம்.

முகட்டில் தண்ணீர் கிடையாது. கடைசி ஓடையில் ஆளுக்கு 3 லிட்டர் நிரப்பிக்கொண்டு ஏறவேண்டும், காய்ச்சித்தான் குடிக்கவேண்டும், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. கூடாரத்தை ஓடைக்கரையில் போடாதீர்கள். மேலே முகட்டில் பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கெப்பாலா ஆயர், அதாவது திடீர் வெள்ளம், வரும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பையை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறவேண்டும். நம் பக்கத்தில் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மழை கூடுதல். ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை தேவலாம்.

கரும்பலகை:
முகட்டுக்கு முகடு அலைக்கோடு, மூன்று வரிசை, மூங்கிலும் பழைய லாடாங்கும் தனி நிறம். மேகத்தை என்ன செய்வது? மறைத்த இடத்தில் கோடு போடலாமா?

சரிவுக்கோடு:
போடுங்கள், ஆனால் புள்ளிக்கோடாக. மேகத்தின் அடிமட்டம் முற்பகலில் பெரும்பாலும் 1200க்கும் 1500க்கும் இடையில் கட்டும், அதுவும் தொடர் நெடுக ஒரே மட்டமாக. எந்த முகட்டை எந்த இடத்தில் மறைக்கிறது என்று வரைபடத்தோடு ஒத்துப்பாருங்கள். நீங்கள் குறித்த உயரங்கள் சரியா என்று சோதிக்க அதுவே ஓர் அளவுகோல். அச்சுக்குக் கொடுக்கும் முன் வரைவை இங்கே போடுங்கள் டீச்சர். முன்வரிசைக் குன்றுகளில் 750 கோடு தப்பாக வந்திருக்க வாய்ப்பு அதிகம், அதை முதலில் பார்க்கிறேன்.